அருளப்பா காம்ப்ளெக்ஸில் விழுந்த அடி

பாளையங்கோட்டையில் அருளப்பா காம்ப்ளெக்ஸ் இருந்த காலத்தில், அதாவது இப்போது அங்கே நிற்கிற கண்ணாடிக் கட்டிடம் வருவதற்கு வெகு முன்னால், அதன் மாடியில் பதினாலாம் நம்பர் கடையை வாடகைக்கு எடுத்த ஒரு பெண் ஒன்பது மாதமாக ஒரே ஒரு 'தும்' செய்துகொண்டிருந்தாள்.

அவள் பெயர் எஸ்தர். பெங்களூரில் பார்த்துவந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து, கடையின் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி, அட்டைக்கு மேல் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, ஏதோ கோயில் கொடைத் திருவிழாவில் முழங்கி ஓய்ந்த பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றை நாலு பேரை வைத்துத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, காலை ஒன்பதரைக்கு வந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வெளியே தலையைக் காட்டுவாள். நான் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். என் மிஷினுக்கு நேர் மேலேதான் அந்த ஸ்பீக்கர் இருந்தது.

"நீ என்னம்மா பண்ணுதே உள்ள?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கிக் பண்ணுதேன், பெருமாள் அண்ணாச்சி" என்றாள். கச்சேரியில் காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்முக்கு அந்தப் பெயராம். கம்ப்யூட்டரில் செய்கிற பாட்டுக்கு மிதிக்கக் காலும் கிடையாது, தோலும் கிடையாது. அந்த அடியை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்க வேண்டும். சென்னையில் ஓர் இசையமைப்பாளர் தன் புதிய ஆல்பம் முழுவதற்கும் ஓர் அடி கேட்டிருந்தார். காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழ வேண்டும் என்பது அவர் சொன்ன ஒரே லட்சணம்.

"ஒரு அடிக்கு மூணு பாகம் அண்ணாச்சி. முதல்ல ஒரு தட்டு, பிறகு ஒரு குத்து, கடைசியா வால். தட்டு இல்லைன்னா அடி விழுந்ததே தெரியாது. குத்து இல்லைன்னா நெஞ்சு அசையாது. வால் இல்லைன்னா மனசுல நிக்காது. ஆனா வால் நீண்டா மொத்தமும் சேறாயிரும்."

தட்டுக்கு என் கடை ஸ்டேப்லரின் சத்தத்தைப் பிடித்துப்போனாள். குத்துக்கு, மாடியில் தையற்கடை வைத்திருந்த பக்கீர் மைதீன் பாய் துணி பேலைத் தூக்கி மேஜையில் போடுகிற சத்தம். வாலுக்கு எங்கள் யாருடைய சத்தமும் ஒத்துவரவில்லை. அதைக் கம்ப்யூட்டரிலேயே மொட்டையான ஓர் அலையாகச் செய்து, உயரத்திலிருந்து ஒருவன் குதிப்பதுபோல அதன் சுதியைச் சட்டென்று இறக்கி, செகண்டுக்கு நாற்பத்தொன்பது தடவை ஆடுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஐம்பதில் நிறுத்திப் பார்த்தாள், சரியில்லை. நாற்பத்தெட்டும் சரியில்லை. நாற்பத்தொன்பது சரியாக இருந்தது.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த அடி முதல்முறையாக முழுசாக விழுந்தது. நான் ஒரு கிரையப் பத்திரத்துக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். தும் என்று நெஞ்சில் ஒரு தள்ளு. உடனே நான் குறுக்குத்துறைப் படிக்கட்டில், இடுப்பளவு தாமிரபரணித் தண்ணீரில், ஆறு வயதுப் பையனாக நின்றேன். என் அப்பா ஈரத் துண்டை என் தலைக்கு மேலே பிடித்துப் பிழிந்தார். துண்டிலிருந்து புறப்பட்ட தண்ணீர் என் தலைக்கு வந்து சேர்வதற்குள் மிஷினிலிருந்து பத்திரத்தின் மூன்றாம் பக்கம் வெளியே வந்தது. நான் அதை எடுத்து மற்ற பக்கங்களோடு சேர்த்து ஸ்டேப்லர் அடித்து, வந்தவரிடம் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பாய் கழுத்தில் டேப்போடு படியிறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, இப்ப ஒரு சத்தம் கேட்டுதே, அதுல உங்களுக்கு யாராவது வந்தாவளா?"

"எங்கப்பா வந்தாவ பாய்."

"எனக்கு எங்க வாப்பா. புது மிஷின்ல நூல் கோத்துக்கிட்டு இருந்தாங்க." அவர் கொஞ்சம் யோசித்தார். "சாயா சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

இதற்கு மேல் அன்று நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. இப்படி நடக்காது என்று நாங்கள் யாரும் அதுவரை எங்கேயும் படித்திருக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்ததாகவே எடுத்துக்கொண்டோம்.

ஒரு வாரத்தில் காம்ப்ளெக்ஸ் அந்த அடிக்குத் தகுந்தாற்போலத் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டது. அவரவருக்கு ஒரே ஒரு காட்சி, எத்தனை தரம் அடித்தாலும் அதே காட்சி, அரை செகண்டுக்கும் குறைவு. பாய் அந்த நேரத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடப் பழகினார். பல் டாக்டர், ஊசி போட்டும் பயம் போகாத ஆட்களுக்கு அடி விழுகிற நேரம் பார்த்துப் பல்லைப் பிடுங்கினார்; அவர்கள் சிரித்த முகத்தோடு பஞ்சைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டு லூர்துசாமி தன் கல்யாணத்தில் மோதிரம் மாற்றுகிற நேரத்துக்குப் போய்வந்தார். வந்ததும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போன் செய்து மனைவியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். காலை பதினொன்றுக்கு ஒன்று, மாலை நாலுக்கு ஒன்று என்று எஸ்தர் ஒத்துக்கொண்டதும், படிக்கட்டுக்குக் கீழே 'அடி நேரம்' என்று நானே ஒரு தாளில் அச்சடித்து ஒட்டினேன். இதயக்கோளாறு உள்ளவர்கள் உட்கார்ந்துகொள்ளவும் என்று அடியில் ஒரு வரி சேர்த்தேன். மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் காய்கறிப் பையோடு மாடி வராந்தாவில் வந்து நின்றார்கள். தும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த மாதங்களில் காம்ப்ளெக்ஸில் யாரும் யாரோடும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததாக எனக்கு நினைவில்லை. அப்படி ஒரு காலம் இருந்தது என்று இப்போது யாரிடமாவது சொன்னால், தண்ணீர் மோட்டாருக்காக நாங்கள் போட்ட சண்டைகளைத்தான் அவர்கள் ஞாபகப்படுத்துகிறார்கள்.

எஸ்தரின் கடைக்குப் பக்கத்துக் கடை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அதை நடத்திய கோமதியம்மாளை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். டீச்சருக்கு ஒரே மகள், சண்முகவடிவு. கூட வேலை பார்த்த அந்தோணி என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் ஓசூருக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்த டீச்சரின் வீட்டுக்காரர் காலமாகி நாலு வருஷம் ஆகியும், டீச்சர் அந்தப் பெயரை எடுத்து நாங்கள் கேட்டதில்லை. ஓசூரிலிருந்து பொங்கலுக்கு வருகிற வாழ்த்து அட்டை மட்டும் இன்ஸ்டிட்யூட்டின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

அடி விழுந்தபோது டீச்சருக்கு வந்தது வடிவுதான். ஏழு வயது. பள்ளிக்கூட வாசலில், ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்து தொங்க, தோளில் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து நின்று, அண்ணாந்து பார்த்து வாயைத் திறக்கிறாள். அத்தோடு சத்தம் முடிந்துவிடும்.

இருபது நாள் பொறுத்துப் பார்த்த டீச்சர், இருபத்தொன்றாம் நாள் எஸ்தரின் கடைக்குள் போனார்.

"ஏ பிள்ள, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நீட்ட முடியுமா?"

"எவ்வளவு டீச்சர்?"

"அவ சொல்லி முடிக்கிற வரைக்கும்."

எஸ்தர் யோசித்தாள். சென்னைக்காரருக்கு வேண்டியது இறுக்கமான, வால் கட்டையான அடி. கெடு வைத்த தேதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இது கைகூடாவிட்டால் மறுபடியும் பெங்களூருக்கே வந்துவிட வேண்டும் என்று அவளுடைய அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருந்தும் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

முதலில் முக்கால் செகண்டாக்கினாள். என் தலையில் தண்ணீர் விழுந்தது. அதன் குளிர்ச்சியை நாற்பது வருஷத்துக்குப் பிறகு நான் உச்சந்தலையில் வாங்கிக்கொண்டேன். பாயின் வாப்பா நூலைக் கோத்து முடித்து நிமிர்ந்து பார்த்தார். வடிவின் உதடு அசைந்தது; சொல் வரவில்லை. ஒரு செகண்டாக்கினாள். அம்மா என்கிற சொல் வந்தது. "அம்மா மட்டும் கேட்டுது பிள்ள, அதுக்குப் பிறகும் என்னமோ சொல்லுதா" என்றார் டீச்சர். ஒன்றரை ஆக்கினாள். இரண்டாக்கினாள்.

இரண்டு செகண்டில்தான் எல்லாம் கலங்கியது.

வால் நீண்டதும் அந்தச் சத்தம் காம்ப்ளெக்ஸின் சுவர்களில் மோதித் திரும்பி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எங்கள் காட்சிகளையும் ஒன்றுக்குள் ஒன்று தள்ளிவிட்டது. குறுக்குத்துறையில் என் அப்பாவுக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், லூர்துசாமிக்குக் கல்யாணம் நடத்திவைத்த பங்குச் சாமியார் அங்கியோடு நின்றார். மறுநாள் என் தலைக்கு மேலே துண்டைப் பிழிந்தது பாயின் வாப்பா. நானும் அவரை வாப்பா என்றே கூப்பிட்டேன். லூர்துசாமி மோதிரத்தை நீட்டினால் அங்கே கை நீட்டி நின்றது பல் டாக்டரின் பெரியம்மா. பாய், தான் பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத யாரோ ஒரு பெண்ணின் அளவுக்கு ஏழு ரவிக்கை வெட்டிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். மூன்று நாள் தொடர்ந்து என் அப்பா வரவேயில்லை. படிக்கட்டில் தெரியாத ஆட்களெல்லாம் குளித்துக்கொண்டிருந்தார்கள். துண்டு மட்டும் கல்லில் கிடந்தது.

நாலாம் நாள் மத்தியானம் மாடி வராந்தாவில் கூட்டம் போட்டோம். நான்தான் முதலில் பேசினேன். பேசியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"எஸ்தர், நீ பழையபடி குறைச்சிரு. இல்லைன்னா கடையைக் காலி பண்ணிரு. எங்கப்பாவை நான் ஒரு தடவை தொலைச்சது போதும்."

"அவ என்ன பண்ணுவா அண்ணாச்சி, கேட்டது நான்தான்" என்றார் டீச்சர்.

"டீச்சர், எனக்கும் அண்ணாச்சிக்கும் போய்ச் சேர்ந்தவங்கதான் வாராங்க" என்றார் பாய், தன்மையாகத்தான். "உங்க மக ஓசூர்ல உயிரோட இருக்கா. பஸ் போகுது. நீங்க எதுக்கு இதுல தேடுதீங்க?"

டீச்சர் முந்தானையின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். இன்ஸ்டிட்யூட்டுக்குள் யாரோ ஒரு பெண் தட்டச்சுப் பழகுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு டீச்சர் சொன்னார்:

"அவ கடைசியா வீட்டை விட்டுப் போனப்பவும் இப்படித்தான் வாயைத் திறந்தா. நான் கதவைச் சாத்திட்டேன். என்ன சொல்ல வந்தான்னு பதினோரு வருஷமாத் தெரியலை. அதைத் திருப்பிக் கேக்க முடியாது. இதையாவது முழுசாக் கேட்டுட்டா, அவ வீட்டு வாசல்ல போய் நிக்கதுக்கு எனக்கு ஒரு தைரியம் வரும்னு நினைச்சேன்."

அடுத்து எஸ்தர்தான் பேசினாள்.

"இத்தனை பேர் உள்ள இருக்கதாலதான் சேறாகுது. ஒரே ஒரு ஆள் மட்டும் இருந்தா கலங்க வழியில்லை. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் கடையைச் சாத்திட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. நாலு செகண்டு வாலோட ஒரே ஒரு அடி. அதோட நான் கட்டையாக்கிருதேன். சத்தியமா."

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அருளப்பா காம்ப்ளெக்ஸின் இருபத்திரண்டு ஷட்டர்களில் எஸ்தரின் கடை தவிர மற்ற எல்லாம் இறங்கின. பல் டாக்டர், பாதி அடைத்த பல்லோடு ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். பாய் வெட்டாத துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் எதிர்ச்சாரியில், மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில், வெயிலில் நின்றோம். பஸ்கள் வந்து நின்று, நாங்கள் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போயின. எஸ்தர் எல்லாவற்றையும் தயார் செய்துவைத்து, டீச்சரை ஸ்பீக்கருக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு, ஓடிவந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஷட்டர்கள் மட்டும் ஒரே நேரத்தில் ஒரு தடவை நடுங்கின. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து புறாக்கள் எழும்பின. எழும்பிய புறாக்கள் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் உட்கார்ந்த பிறகும் டீச்சர் இறங்கவில்லை. எஸ்தர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் படியிறங்கி, ரோட்டைக் கடந்து, வந்து எங்கள் நடுவில் நின்றார்.

"கேட்டுதா டீச்சர்?" என்றாள் எஸ்தர்.

"கேட்டுது. 'அம்மா, நான் இன்னிக்குத் தனியா வீட்டுக்குப் போவட்டுமா? எனக்கு வழி தெரியும்'னு கேட்டா." டீச்சர் சிரித்தார். "அதுக்கு நான் சொன்னதும் கேட்டுது பிள்ள. அதைத்தான் நான் சுத்தமா மறந்துட்டேன். 'சரி, நீ முன்னால போ, நான் பின்னாலயே வாரேன்'னு சொல்லுதேன்."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லூர்துசாமி, தேவையே இல்லாமல், ஓசூருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தார்.

அந்த நாலு செகண்டில் பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர் நடுவில் கிழிந்து போயிருந்தது. எஸ்தர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கிழிசலை ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, வாலைக் கால் செகண்டுக்கும் கீழே நறுக்கி, குத்தை இன்னும் இறுக்கி, சென்னைக்கு அனுப்பினாள். இதைத்தான் கேட்டேன் என்று அவர் எழுதினாராம். எஸ்தர் அதன் பிறகும் நேரம் தவறாமல் அடித்தாள்; ஆனால் வால் கட்டையானதில் எங்கள் காட்சிகளும் கட்டையாகி, அப்பாவின் கை, ஈரத் துண்டின் ஓரம் என்று சுருங்கிச் சுருங்கி, ஐப்பசி மழைக்குள் நின்றுபோயின. நான் ஒட்டிய தாளை நானே கிழித்தேன். தண்ணீர் மோட்டார்ச் சண்டை மறுபடியும் ஆரம்பித்தது. அந்த ஆல்பம் வெளிவந்தபோது டவுன் பஸ்களில் அதைப் போட்டார்கள். அடி விழுகிறபோது பயணிகளின் முகம் இமைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் இளகுவதுபோல எனக்குத் தெரியும். ஒருவேளை எனக்கு மட்டும் அப்படித் தெரிந்திருக்கலாம்.

சென்னைக்கு அனுப்பிய மறுநாளே டீச்சர் ஓசூருக்குக் கிளம்பினார். தனியாகப் போகப் பயம் என்று சொல்லவில்லை. ஆனால் எஸ்தர் துணைக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

வடிவுதான் கதவைத் திறந்திருக்கிறாள். கையெல்லாம் கோதுமை மாவு. கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றுவிட்டு, "வாங்க" என்றாளாம். "உள்ள வாங்க. உக்காருங்க."

எங்கள் பக்கத்தில் பெற்ற அம்மாவை யாரும் நீங்க, வாங்க என்று பேசுவதில்லை. அது வெளியாளுக்கு. டீச்சர் உட்கார்ந்தார். தண்ணீர் குடிங்க என்றாள், குடித்தார். சாப்பிடுங்க என்றாள், சாப்பிட்டார். மத்தியானம் வேலையிலிருந்து வந்த அந்தோணி, "அத்தை, பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். மூன்றரை மணிக்குப் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, யாரும்மா இது என்றாள். "எங்க அம்மா" என்றாள் வடிவு. அதைச் சொன்ன பிறகு அடுக்களைக்குள் போய் வெகு நேரம் பாத்திரம் கழுவினாள். டீச்சர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, கழுவிய பாத்திரங்களைத் துடைத்தார். பழைய கதை எதையும் இவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு பஸ் ஏற்றிவிட வடிவும் வந்தாள். டீச்சருக்கு ஜன்னல் ஓரம். வடிவு கீழே நின்று, பஸ்ஸின் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தபடி இருந்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமியது. வடிவு சட்டென்று நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, ஜன்னலைச் சாத்து. இந்த ஊதக்காத்து உனக்கு ஆகாது" என்றாள்.

டீச்சர் அசையவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிய எஸ்தர் குறுக்கே கை நீட்டிக் கண்ணாடியை இழுக்கப் போனாள். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாத்தாத பிள்ள" என்றார் மெதுவாக. "இன்னொரு தடவை சொல்லட்டும்."

"உனக்குச் சொன்னாக் கேக்கவே கேக்காதா?" என்று பஸ்ஸோடு கூடவே நடந்து வந்தபடி வடிவு கத்தினாளாம். "அம்மா! சாத்துன்னா சாத்தேன்!"